வரி முறியும் இடம்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பதினைந்து படுக்கை கொண்ட ஆதுலசாலையைப் பற்றிச் சொல்வதால் மருத்துவ வரலாறு எழுதுவோர் அதை விடமாட்டார்கள். எனக்குப் பிடித்தது அதன் தொடக்கம், அதாவது மன்னனைப் புகழும் மெய்க்கீர்த்தி. அது செய்யுள். புலவர் அடி அடியாகத்தான் கட்டியிருப்பார். கல்வெட்டியவருக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லை. கல் முடிந்தால் வரி முடிந்தது. ஓலைச்சுவடியிலும் இதே கதைதான். அடிக்கு ஒரு வரி, சுற்றிலும் வெற்றிடம் என்னும் வழக்கம் அச்சு வந்தபிறகே நம்மிடம் பரவியது. அந்த வெற்றிடத்தில்தான் ஓவியருக்கு இடம் கிடைத்தது.

கிடைத்த இடத்தில் பெரும்பாலும் என்ன நடந்தது? கவிதையில் நிலா என்றால் பக்கத்தில் ஒரு நிலா. சொன்னதையே மறுபடி சொல்லும் படம் கவிதைக்கு எதையும் தருவதில்லை.

இதற்கு மாறான ஒன்றைப் பார்த்தேன். சென்னை திருவான்மியூரில் இயங்கும் தாரா புக்ஸ், ‘நெருப்பு வால் மயிலைக் கண்டேன்’ என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் ஒரு புத்தகம் வெளியிட்டது. பாட்டு, பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் யாரோ கட்டிய விளையாட்டுப் பாட்டு. வரிவரியாகப் படித்தால் எல்லாமே நடக்காத காட்சிகள். வரியின் நடுவில் நிறுத்தி, பின்பாதியை அடுத்த வரியின் முன்பாதியோடு சேர்த்துப் படித்தால் எல்லாம் இயல்பாகிவிடும். மயிலுக்கு ஒட்டியிருந்த நெருப்பு வால், அடுத்த வரியில் வரும் வால்நட்சத்திரத்துக்கே போய்ச் சேரும்.

படம் வரைந்தவர் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த பர்தான் கோண்டு ஓவியர் ராம்சிங் உர்வேதி. பர்தான் கோண்டுகள் பாணா என்னும் நரம்புக் கருவியை இசைத்துக் குலக்கதை பாடிவந்தவர்கள். நம் பாணர்களைப் போல. 1980களில் அவர்களில் ஒருவரான ஜங்கட் சிங் ஷ்யாம் போபாலில் தாளிலும் துணியிலும் வரையத் தொடங்கியபின் பலர் தூரிகைக்கு வந்தார்கள். பாடகர் மரபில் வந்த ஒருவர் கையில் இந்தப் பாட்டு சிக்கியது நல்ல பொருத்தம்.

ஆனாலும் பாட்டையும் படத்தையும் பூட்டியது மூன்றாவது கை. வடிவமைப்பாளர் ஜோனதன் யமகாமி தாள்களில் துளை போட்டார். துளை வழியே அடுத்த பக்கத்தின் சில சொற்கள் தெரியும். இந்தப் பக்கத்தோடு சேர்த்துப் படிப்போம். தாளைத் திருப்பினால் அதே சொற்கள் வேறொன்றோடு சேர்ந்துகொள்ளும். படமும் அப்படியே: இங்கே ஒன்றாகத் தெரிந்த கோடுகள் அங்கே வேறொன்றின் உடம்பு.

துளையிடும் வேலைக்கு அச்சகத்தில் டை கட்டிங் என்று பெயர். ஒட்டுப்பலகையில் வடிவத்தை அறுத்து, அந்தப் பள்ளத்தில் எஃகுப் பட்டையை வளைத்துச் செருகுவார்கள். பட்டையின் ஓரம் கத்திபோல் இருக்கும். வெட்டிய தாள் அதில் சிக்காமல் உந்தித்தள்ள இருபுறமும் ரப்பர் ஒட்டுவார்கள். இதை எந்திரத்தில் பூட்டித் தாளை அழுத்தினால் துளை விழும். அட்டைப்பெட்டிக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் அன்றாடம் நடக்கும் வேலைதான். ஆனால் பெட்டியில் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். இங்கே எழுத்தின் கால் வெட்டுப்படும், அல்லது பக்கத்துச் சொல் எட்டிப் பார்த்துப் புதிரை உடைத்துவிடும்.

இந்த வித்தை தமிழுக்கு அந்நியமல்ல. காஞ்சியோடு இணைத்துப் பேசப்படும் தண்டியின் வடமொழி நூலைத் தழுவிய தண்டியலங்காரம் சித்திரகவியை வகைப்படுத்துகிறது. அதில் நாகபந்தம் என்று ஒன்று: பின்னிக் கிடக்கும் பாம்புகளின் உடலில் எழுத்துகளை நிரப்புவார்கள். உடல்கள் குறுக்கிடும் கட்டத்தில் நிற்கும் ஓரெழுத்து இரண்டு வழிக்கும் பொது. துளைக்குள் தெரியும் சொல் செய்வதும் இதே வேலையைத்தான். ஒரு குறை, சித்திரகவியில் புலவரே ஓவியர். பாம்பு வெறும் கட்டமாக நின்றுவிடுகிறது. அந்தப் பாம்புகளை உயிரோடு வரைய ஓர் ஓவியரையும், கட்டங்களில் துளைபோட ஒரு நல்ல டை கட்டரையும் சேர்த்து, ஒரு நாகபந்தத்தை யாராவது தமிழில் புத்தகமாகப் போட்டால் முதல் பிரதி எனக்கு.