ஹீலர் யாருடா?

பெங்களூர் மடிவாளாவில் பி.ஜி.யில் தங்கியிருக்கும் என் அக்கா மகனைப் பார்க்கப் போனால், ஹெட்போனைக் கழற்றாமலே "வாங்க மாமா" என்பான். திரையில் ஒரு குகை வாசலில் நான்கு பேர் நிற்பார்கள். உள்ளே போக மாட்டார்கள். "ஹீலர் யாருடா? எல்லாரும் வாளைத் தூக்கிட்டு வந்தா எப்படி?" என்று கால் மணி நேரம் சண்டை ஓடும்.

ரோல்-பிளேயிங் கேம்களில் அடியைத் தாங்குகிறவன் டாங்க், காயத்தை ஆற்றுகிறவன் ஹீலர், மற்றவர்கள் அடிக்கிறவர்கள். ஒருவனுக்கு வரும் வித்தை அடுத்தவனுக்கு வராது. 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் தாளையும் பகடையையும் நம்பி டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டபோது இருந்தவை மூன்றே வகுப்புகள்: வீரன், மந்திரவாதி, பூசாரி. மந்திரவாதி கவசம் போடக் கூடாது. காயம் ஆற்றும் மந்திரம் பூசாரியிடம். இப்படி ஆளுக்கொரு குறையை வேண்டுமென்றே வைத்தால்தான் ஒருவனுக்கு இன்னொருவன் தேவைப்படுவான்.

1987-ல் ஜப்பானில் வந்த ஃபைனல் ஃபேன்டஸியில் ஆறு வகுப்புகள், அணிக்கு நான்கு பேர். ஒரே வகுப்பை எத்தனை பேர் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதால் 126 விதமாக அணி சேர்க்கலாம். நான்கு பேரையும் வெள்ளை மந்திரவாதியாகவே எடுத்து ஆடி முடிக்கிற ஆசாமிகளும் உண்டு. அதெல்லாம் வேண்டுதல் கணக்கு.

இதே பெங்களூரில், ஊர்க்காரர்கள் இன்னும் டாட்டா இன்ஸ்டிடியூட் என்று சொல்லும் இந்திய அறிவியல் கழகத்தில், யாரும் வடிவமைக்காத ஓர் அணி ஜன்னலோரம் தொங்கிக்கொண்டிருந்தது. ராகவேந்திர கதக்கர் அங்கே மூலக்கூறு உயிரியல் படிக்க வந்தவர். பொழுதுபோக்காகத்தான் காகிதக் குளவிக் கூடுகளைப் பார்க்கத் தொடங்கினார். அதுவே பிறகு வாழ்நாள் வேலையாயிற்று. ரோபாலிடியா மார்ஜினேட்டா என்ற அந்த இனத்தில் ராணிக்கும் வேலைக்காரிக்கும் உருவத்தில் வித்தியாசம் தெரியாது. அதனால் ஒவ்வொரு குளவியின் முதுகிலும் பெயின்ட் புள்ளி வைத்து, எது எவ்வளவு நேரம் என்ன செய்கிறது என்று கணக்கெடுத்தார்கள்.

அவரும் என்.வி. ஜோஷியும் 1983-ல் வெளியிட்ட கட்டுரையில் அந்தக் கணக்கு மூன்று கொத்துகளாகப் பிரிந்தது: உட்கார்ந்திருப்பவை, சண்டைக்காரிகள், இரைதேடிகள். கேம் கம்பெனிக்காரன் வைத்த பெயர்கள் போலவே இருக்கின்றன. ஆனால் இந்தச் சண்டைக்காரிகள் மோதுவது எதிரியோடு அல்ல, சொந்தக் கூட்டாளிகளோடு. ராணி இருந்ததோ உட்கார்ந்திருப்பவை கூட்டத்தில்! யாரையும் அதட்டாத சாதுவான ராணி. தன் உடல் சுரக்கும் வாசனையால்தான் அது தன் இருப்பை அறிவிக்கிறது என்று பின்னாளில் தெரிந்தது.

முட்டையிடுவது ராணிக்கே உரிய வித்தை. ஆனால் மற்றவற்றுக்கு அது தெரியாது என்பதில்லை. ராணியை எடுத்துவிட்டால், சில நிமிடங்களில் ஒரு வேலைக்காரி திடீரென்று ஆவேசமாகிறது. ராணியைத் திருப்பி வைத்தால் அடங்கி, பழைய வேலைக்குப் போய்விடுகிறது. வைக்காவிட்டால் ஆவேசம் மெல்லத் தணிந்து, சினைப்பை வளர்ந்து, சுமார் ஒரு வாரத்தில் முட்டையிட ஆரம்பிக்கிறது. என் அக்கா மகனின் அணியில் ஹீலர் செத்தால் எல்லோரும் செத்து, மறுபடி குகை வாசலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

அந்த வாரிசு எது என்பதை, ராணி இருக்கும்வரை ஆராய்ச்சியாளர்களால் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. வயது, உடல் அளவு, சண்டைக்குணம் எதுவும் கைகொடுக்கவில்லை. குளவிகளுக்காவது அது தெரியுமா என்று பார்க்க, 2008-ல் வெளியான ஆய்வில் அனிந்திதா பத்ராவும் கதக்கரும் ஒவ்வொரு கூட்டையும் இரண்டாக வெட்டி நடுவே கம்பி வலை வைத்தார்கள். ராணி இல்லாத பக்கத்தில் ஒரு குளவி தலையெடுத்தது. பிறகு ராணியை அந்தப் பக்கம் மாற்றினார்கள். சில கூடுகளில் அதே குளவி, வலையைத் தாண்டிக் கொண்டுவந்து விட்டதும் மறுபக்கத்திலும் பொறுப்பேற்றது. சிலவற்றில் மறுபக்கத்தில் வேறொரு குளவி தலையெடுத்தது; முதலில் தலையெடுத்த குளவி அதற்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. யாரும் எதிர்க்கவில்லை.