பம்பரம் திருத்திய பாடம்

பத்தாம் வகுப்பில் விசையின் திருப்புத்திறனை நடத்திக்கொண்டிருந்தேன். "பம்பரம் வேகமாகச் சுழன்றால் அதன் தலையும் வேகமாக வட்டமடிக்கும்" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டேன். மறுநாள் ஒரு மாணவன் பம்பரத்துடன் வந்தான். "சார், வேகமா சுத்தறப்ப தலை மெதுவாத்தான் ஆடுது. ஓயப்போறப்பதான் வேகமா ஆடுது" என்றான். வகுப்பறைத் தரையில் சுழற்றியும் காட்டினான். அவன் சொன்னதே சரி.

இங்கு நடப்பவை இரண்டு இயக்கங்கள். பம்பரம் தன் அச்சில் சுழல்வது தற்சுழற்சி. சாய்ந்த அச்சே மெல்ல வட்டமடிப்பது தலையாட்டம். முதலாவது கூடினால் இரண்டாவது குறைகிறது. ஏன்?

கரும்பலகையில் 1 மீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு வரையுங்கள். அதன் நுனியில் செங்குத்தாக 5 செ.மீ. கோடு ஒன்றைச் சேர்த்து, தொடக்கப் புள்ளியையும் புதிய நுனியையும் இணையுங்கள். திசை சுமார் 3 டிகிரிதான் மாறியிருக்கும். இதையே 20 செ.மீ. கோட்டில் செய்தால் 14 டிகிரி மாறும்.

நீளமான கோடுதான் பம்பரத்தின் கோண உந்தம். அது அச்சின் திசையில் அமைகிறது. சாய்ந்த பம்பரத்தை எடை கீழே தள்ளப் பார்க்கிறது. அந்தத் திருப்புத்திறன் ஒவ்வொரு நொடியும் சேர்க்கும் கோண உந்தமே சிறிய கோடு. அது அச்சுக்குச் செங்குத்தாக, பக்கவாட்டில் சேர்வதால் பம்பரம் விழாமல் திரும்புகிறது. சுழற்சி தளரும்போது நீளக் கோடு சுருங்குகிறது. சிறிய கோடு அப்படியே இருக்கிறது. ஆகவே தலையாட்டம் வேகமெடுக்கிறது.

சைக்கிள் சக்கரத்திலும் இதைக் காட்டலாம். அச்சின் ஒரு முனையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, அச்சைக் கிடையாகப் பிடித்துச் சக்கரத்தைச் சுழற்றி, மெதுவாகக் கையை விடுங்கள். ஆரம் 30 செ.மீ., கயிற்றிலிருந்து சக்கர மையம் 5 செ.மீ., எடை முழுவதும் விளிம்பில் எனக் கொள்வோம். நொடிக்கு 4 சுற்று என்றால் சக்கரம் கயிற்றை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 29 நொடி. 2 சுற்று என்றால் அதில் பாதி. கம்பிகளுக்கிடையே பிள்ளைகள் விரல் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் பூமியும் இப்படித் தலையாட்டுகிறது. சூரியனும் நிலவும் தரும் திருப்புத்திறன் பூமியின் கோண உந்தத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. அதனால் அதன் அச்சு ஒரு வட்டம் முடிக்க ஏறக்குறைய 26,000 ஆண்டுகள் ஆகின்றன.

அன்று கரும்பலகையில் என் பழைய வாக்கியத்தை எழுதி, அதை அடித்துத் திருத்தும்படி அந்த மாணவனிடமே சுண்ணக்கட்டியைக் கொடுத்தேன். இப்போதெல்லாம் இந்தப் பாடத்துக்கு முந்தைய நாளே, "நாளைக்குப் பம்பரம் கொண்டு வாங்க" என்று சொல்லிவிடுகிறேன்.