ஓட்டில் பதிந்த காயங்கள்

எலும்பு முறிந்து கூடியவரின் எக்ஸ்-கதிர்ப் படத்தில், பல ஆண்டுகளுக்குப் பின்னும் கூடிய இடம் தெரிவதுண்டு. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மடிந்த உயிர்களின் காயங்களையும் இவ்வாறு அறிய முடியுமா? அம்மோனாய்டுகள் என்னும் கடலுயிர்களைப் பொறுத்தவரை முடியும்.

இவை கணவாயின் உறவினங்கள். சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்தன. பெரும்பாலானவற்றின் ஓடு ஆட்டுக்கிடாயின் கொம்பு போலச் சுருண்டிருக்கும். உடலை மூடிய மென்தோலின் ஓரம் ஓட்டுப்பொருளைச் சுரக்க, ஓடு வாய் விளிம்பில் வளர்ந்துகொண்டே போகும். முன்பு வளர்ந்த பகுதி அப்படியே நிற்கும். ஆகவே விலங்கின் வாழ்நாள் முழுவதும் அதன் ஓட்டிலேயே வரிசையாகப் பதிந்துள்ளது எனலாம்.

நண்டு போன்ற பகைவிலங்கு ஒன்று விளிம்பை உடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அம்மோனாய்டு பிழைத்தால் உடைந்த இடத்தைப் புது ஓட்டால் அடைக்கும். ஒழுங்கற்ற ஓர் ஒட்டு அங்கே தெரியும். ஓடு மட்டும் உடைந்திருந்தால், அதற்கு அப்பால் வரிமேடுகள் பழையபடி சீராக அமையும். மென்தோலும் காயப்பட்டிருந்தால் நிலைமை வேறு. பல் உடைந்த சீப்பால் மணலில் கோடிழுத்தால் அந்தக் குறை கடைசிவரை தொடர்வதைப் போல, தழும்பும் பின்னர் வளர்ந்த சுருள் நெடுகிலும் தொடரும்.

உடைப்பு ஏதுமின்றியே ஓட்டின் நடுமேடு ஒரு பக்கமாக விலகிய மாதிரிகளும் உண்டு. ஒட்டுண்ணிகள் இதற்குக் காரணமாகலாம் என்பர். ஆனால் மென்மையான ஒட்டுண்ணி கல்லில் எஞ்சுவது அரிது. ஜெர்மனியின் சுவேபியப் பகுதியில் கிடைத்த நோயுற்ற அம்மோனைட்டுகளைப் பற்றி எங்கெல் என்பவர் 1894-லேயே எழுதினார்.

ஆறாத காயந்தான் சிக்கலானது. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் கிடைத்த பிளாசென்டிசெராஸ் ஓடு ஒன்றில் வட்டத் துளைகள் வரிசையாக இருந்தன. இவை மோசசார் என்னும் பெருங்கடற்பல்லியின் பல்தடங்கள் என்று காஃப்மன், கெஸ்லிங் இருவரும் 1960-ல் விளக்கினர். 1998-ல் காசே குழுவினர் இதை மறுத்தனர். பாறையில் ஒட்டி வாழும் கூம்பு நத்தைகள் ஓட்டின்மேல் அமர்ந்து அரித்த குழிகளே இத்தகைய துளைகளாயின என்பது அவர்கள் வாதம். செயற்கைத் தாடையால் நாட்டிலஸ் ஓடுகளைக் கடிக்கச் செய்தும் அவர்கள் சோதித்தனர். ஒழுங்கான வட்டத் துளைகள் விழவில்லை. ஆயினும் 2001-ல் சுஜிடா, வெஸ்டர்மன் இருவரும் பல்தடக் கருத்துக்கே மீண்டும் ஆதரவு தந்தனர்.

ஆறிய தழும்பில் ஓர் ஐயம் மட்டும் எழாது. அடிபட்டபோது விலங்கு உயிரோடிருந்தது. அதன்பின் பிழைத்தும் வளர்ந்தது. நம் அரியலூர், பெரம்பலூர் வட்டாரப் பாறைகளிலும் அம்மோனைட்டுகள் உள்ளன. கோணலான வரிமேடு கொண்ட ஒன்றைக் காண நேர்ந்தால், குறையுள்ளது என்று ஒதுக்கிவிடாதீர்கள். உயிர் பிழைத்த ஒன்றின் வரலாறு அதில் இருக்கலாம்.