கலத்தை உடைக்கும் கருவிகள்

உயிர்களின் உடல் கலங்களால் ஆனது என்பதைப் பாடசாலைச் சிறுவரும் அறிவர். நமது ஈரலுக்கும், வேலியில் நிற்கும் பூவரசின் இலைக்கும், அப்பமாவைப் புளிக்கவைக்கும் கள்ளில் வாழ்கின்ற மதுவத்துக்கும் இது பொது. கலத்தினுள் நிகழும் இரசாயன வேலைகளை நடத்துபவை நொதியங்கள் என்னும் புரதங்களாகும். அவற்றை ஆராய விரும்புபவர் முதலில் அவற்றைக் கலத்திலிருந்து வெளியே எடுத்தாக வேண்டும். எடுப்பது எவ்வாறு? மதுவக் கலம் ஒன்றின் குறுக்களவு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரின் இருநூற்றில் ஒரு பங்கு. அதனைக் கத்தியால் ஒவ்வொன்றாக வெட்டிப் பார்ப்பதற்கில்லை. கோடிக்கணக்கான கலங்களை ஒருங்கே உடைப்பதற்கென்றே ஆய்வுகூடங்களில் பலவகைக் கருவிகள் தோன்றின. எந்தக் கருவியால் உடைத்தோம் என்பதைப் பொறுத்தே, உள்ளே எதைக் கண்டோம் என்பதும் அமைகின்றது. நேயர்களே, அது எவ்வாறு என்பதையே இன்று கூற விரும்புகின்றேன்.

சீனிக்கரைசல் புளித்து மதுசாரமாவதற்கு உயிருள்ள மதுவம் இன்றியமையாதது என்று பிரான்சிய அறிஞர் லூயி பாஸ்டர் கருதினார். உயிரின்றி நொதித்தல் இல்லை என்பதே அன்று செல்வாக்குப் பெற்றிருந்த கொள்கை. 1897 ஆம் ஆண்டிலே ஜேர்மனியரான எட்வார்ட் பூக்னர் இதற்கு மாறான செய்தியை வெளியிட்டார். அவர் கையாண்ட முறை நமது அடுக்களைக்கு அந்நியமானதன்று. ஒரு கிலோகிராம் மதுவத்துடன் அதேயளவு குவாட்சு மணலையும், 250 கிராம் கீசல்கூர் என்னும் மென்மண்ணையும் சேர்த்து உரலில் இட்டு அரைத்தார். மணலின் கூரிய முனைகள் கலச்சுவர்களைக் கிழித்தன. உலர்ந்திருந்த கலவை பிசைந்த மாவைப்போல் ஈரமாயிற்று. நம் பெண்கள் தேங்காய்ப்பூவைத் துணியிற் கட்டிப் பால் பிழிவதுபோல, அதனைத் துணியிற் பொதிந்து நீரழுத்தப் பொறியில் வைத்துப் பிழிந்தார். ஆயின் பிழிந்தது கையன்று. நானூறு முதல் ஐந்நூறு வளிமண்டல அமுக்கம்! கிடைத்த சாறு கெடாதிருக்க, பழப்பாகு காய்ச்சுவோர் செய்வதுபோல் நிறையச் சீனி இட்டார். சிறிது நேரத்தில் சாற்றிலிருந்து குமிழிகள் எழுந்தன. உயிருள்ள கலம் இல்லாத சாறு சீனியை மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றிக்கொண்டிருந்தது. 1907 இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அரைக்க மணலும் பிழியப் பொறியும் இல்லாவிடின், அந்தச் சாறு கலத்தின் உள்ளேயே இருந்திருக்கும்.

மதுவத்துக்கும் பற்றீரியாவுக்கும் கலச்சுவர் உறுதியானது. ஆதலால் அவற்றுக்கு வன்மையான கருவிகளே வேண்டும். நுண்ணிய கண்ணாடி மணிகளுடன் சேர்த்து வேகமாகக் குலுக்குவது ஒரு முறை. செக்கனுக்கு இருபதினாயிரம் முறை அதிரும் உலோகக் கோலைத் திரவத்தினுள் வைப்பது மற்றொன்று. அக்கோலைச் சுற்றி எண்ணிறந்த நுண்குமிழிகள் தோன்றிச் சடுதியாகச் சிதைகையில், அருகிலுள்ள கலங்கள் நொறுங்குகின்றன. மூன்றாவதும் ஒன்றுண்டு. அமெரிக்கரான சார்ள்ஸ் ஸ்ரேசி பிரெஞ்சும் அவருடைய சகாக்களும் 1950 அளவில் இலைகளின் பச்சையவுருவங்களை உடைப்பதற்கு அமைத்த அமுக்கப்பொறி அது. பிரெஞ்சு என்பது அவருடைய பெயர், நாட்டைக் குறிப்பதன்று. தடித்த உருக்கு உருளையினுள் சதுர அங்குலத்துக்கு இருபதினாயிரம் இறாத்தல் வரை அமுக்கம் ஏற்றி, மயிரிழை போன்ற வாயிலினூடாகத் திரவத்தைக் கசியவிடுவர். வெளியே வரும் கணத்தில் அமுக்கம் சட்டெனக் குறையவே கலம் பிளந்துவிடும்.

ஈரல் போன்ற விலங்கிழையங்களின் கதை வேறு. அவற்றின் கலங்களுக்குச் சுவரில்லை. மெல்லிய மென்சவ்வு மட்டுமே உண்டு. இவற்றை உடைப்பது எளிது. அளவோடு உடைப்பதுதான் கடினம். இதற்கெனப் பொற்றர், எல்வஹ்ஜெம் என்னும் இருவர் 1936 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் எளிய கருவி ஒன்றைச் செய்தனர். ஒரு கண்ணாடிக் குழாய்; அதனுள் சுழலும் ஒரு குழவி; இரண்டுக்கும் இடையே மில்லிமீற்றரின் பத்திலொரு பங்களவு இடைவெளி. இதிலே இடித்தல் இல்லை. குழவி சுழல, குழாயை மேலும் கீழும் அசைக்கும்போது, ஒடுங்கிய இடைவெளியில் விரைந்து வழுகும் திரவமே மென்சவ்வைக் கிழிக்கின்றது. கரு முதலிய உள்ளுறுப்புகள் பெரும்பாலும் பழுதின்றி வெளிவருகின்றன. வெறும் நீரிலிட்டால் அவை நீரையுறிஞ்சி வெடித்துவிடும். ஆகவே ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 86 கிராம் சீனி கரைத்த குளிர்ந்த கரைசலில் அரைப்பது வழக்கமாயிற்று.

இந்த மென்மையான கருவி என்ன பயன் தந்தது என்பதற்கு, பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகத்திலே கிறிஸ்ரியன் டி டூவ் என்பவர் கண்டது சான்று. 1949 ஆம் ஆண்டின் இறுதியில் அவர் இன்சுலினின் செயலை அறியும்பொருட்டு எலியின் ஈரலை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒப்பீட்டுக்காக அமிலப் பொஸ்பற்றேசு என்னும் நொதியத்தையும் அளந்தார். முன்னர் ஈரலை வாரிங் கலக்கியில் அடித்துத் தயாரித்தபோது அந்நொதியம் நிறைய இருந்தது. (அந்தக் கலக்கி, அமெரிக்க வானொலியிற் புகழ்பெற்ற இசைக்குழுத் தலைவர் பிரெட் வாரிங்கின் பொருளுதவியால் 1937 இல் சந்தைக்கு வந்த பானம் கலக்கும் பொறி.) மென்மையாக அரைத்த ஈரலிலோ எதிர்பார்த்ததில் பத்திலொரு பங்குதான் தென்பட்டது. வேறொருவராயின் அளவையில் பிழையென்று சாறைக் கொட்டியிருக்கக்கூடும். அவர்கள் அதனைக் குளிர்ப்பெட்டியில் வைத்தனர். ஐந்து நாட்களின் பின் மீண்டும் அளக்க, குறைந்திருந்த நொதியம் முழுதும் வந்திருந்தது!

நொதியம் எங்கும் போகவில்லை. கலத்தினுள் மென்சவ்வாலான நுண்பை ஒன்றுள் அடைபட்டிருந்தது. கலக்கியின் அலகுகள் அப்பையையும் கிழித்தமையால், அது இருப்பதே முன்பு தெரியாதுபோயிற்று. மென்மையான குழவி அதனை முழுமையாக விட்டுவைத்தது. நாட்பட அது தானே கசிந்தது. புரதம் முதலியவற்றைச் செரிக்கும் வேறு பல நொதியங்களும் அப்பைகளில் இருப்பதை அறிந்து, 1955 இல் அவற்றுக்கு இலைசோசோம் என்று பெயரிட்டனர். அல்பேர்ட் குளோட், ஜோர்ஜ் பலாடே ஆகியோருடன் டி டூவ் 1974 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஈரலை அரைப்போர் பாத்திரத்தைப் பனிக்கட்டியில் அமிழ்த்தி வைப்பதன் காரணமும் இப்பைகளே: அவை உடைந்தால், உள்ளிருக்கும் நொதியங்கள் சாற்றிலுள்ள ஏனைய புரதங்களைச் சிதைக்கத் தொடங்கும், குளிர் அவற்றின் வேகத்தைத் தணிக்கும்.

எலியின் ஈரலிற் கண்ட ஒரு பையால் மனிதனுக்கு ஆவதென்ன என்று சிலர் கேட்கலாம். பொம்பே என்னும் ஒல்லாந்த மருத்துவர் 1932 இல் விவரித்த நோய் ஒன்றுண்டு. அதன் கடுமையான வகையோடு பிறக்கும் குழந்தையின் இருதயத்திலும் தசைகளிலும் கிளைக்கோசன் என்னும் மாப்பொருள் குவிந்துகொண்டேபோகும். சிகிச்சையின்றேல் பெரும்பாலும் ஓராண்டு நிறையுமுன்னரே குழந்தை இறந்துவிடும். முப்பது ஆண்டுகளாக இதன் காரணம் விளங்கவில்லை. 1963 இல் டி டூவின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எர்ஸ் என்பவர், அக்குழந்தைகளின் இலைசோசோமில் இருக்கவேண்டிய ஒரு நொதியம் இல்லாமையே காரணமென்று காட்டினார். அதே நொதியத்தை நாளத்தினூடாகச் செலுத்தும் சிகிச்சைக்கு 2006 ஆம் ஆண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. அம்மருந்து ஆய்வுகூடத்தில் வளர்க்கப்படும் வெள்ளெலிக் கலங்களிலிருந்து பெறப்படுகின்றது. அக்கலங்கள் நொதியத்தைத் தாமே வளர்ப்புத் திரவத்தினுட் சுரந்துவிடுகின்றன; அங்கே எதையும் உடைக்கவேண்டிய தேவையில்லை.