மோட்டார் ஓடியது, தண்ணீர் போனதா?

'வால்வு 2. தொடக்கம் காலை 6.10. முடிவு 7.40. ஓடியது 90 நிமிடம். நிலை: சரி.'

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் தென்னந்தோப்பில் தானியங்கிச் சொட்டுநீர் போட்டவர்களின் செல்போனுக்குத் தினமும் இந்த மாதிரி ஒரு வரி வந்து விழும். தோப்புக்காரர் அப்போது கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கலாம்; கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கலாம். பார்த்ததும் மனசு ஆறிவிடும். மரத்துக்குத் தண்ணீர் போய்விட்டது.

உண்மையில் அந்த வரிக்குத் தண்ணீரைப் பற்றி எதுவும் தெரியாது. வால்வின் தலையில் உட்கார்ந்திருக்கும் சிறு கம்பிச்சுருளுக்கு 90 நிமிடம் மின்சாரம் கொடுத்தேன் என்கிறது கட்டுப்பாட்டுப் பெட்டி, அவ்வளவுதான். வால்வு திறந்ததா, திறந்த வால்வுக்குப் பின்னால் குழாயில் தண்ணீர் இருந்ததா, இருந்த தண்ணீர் வேருக்குப் போனதா, இல்லை வரப்போரம் அணில் கடித்த ஓட்டையில் பீய்ச்சியடித்துப் போனதா என்பதெல்லாம் அதற்கு வெளியே நடக்கிற சங்கதிகள்.

அறிக்கை இப்படி நேரத்தை மட்டும் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. தமிழ்நாட்டில் பாசன மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் பல ஆண்டுகளாக முறை வைத்துத்தான் வந்தது. ராத்திரி ஒரு மணிக்குக் கரண்ட் வந்தால் ஒரு மணிக்குப் போய் ஸ்டார்ட்டரைத் தட்ட வேண்டும். இருட்டு, சேறு, பாம்பு. அதற்கு முதலில் வந்த மருந்து, கரண்ட் வந்தால் தானே எடுத்துக்கொள்ளும் ஆட்டோ ஸ்டார்ட்டர். அப்புறம் செல்போன் வந்தது. புனேயைச் சேர்ந்த பொறியாளர் சந்தோஷ் ஓஸ்த்வால் உருவாக்கிய 'நானோ கணேஷ்' போன்ற கருவிகள் வீட்டிலிருந்தே மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் வழி செய்தன. போட்ட மோட்டார் ஓடுகிறதா என்று தெரிய வேண்டுமே, அதற்காகக் கருவி பதில் சொல்லப் பழகியது. நடையை மிச்சம் பிடிக்கப் பிறந்த அந்தப் பதில்களை மாதக்கணக்கில் அடுக்கி, வண்ணக் கட்டம் போட்டுத் தருவதைத்தான் இன்று மென்பொருள் அறிக்கை என்கிறோம்.

ஆனால் இந்த எளிய அறிக்கையிலும் ஒரு பொக்கிஷம் ஒளிந்திருக்கிறது. மோட்டார் இழுக்கும் ஆம்பியர்.

5 எச்.பி. சப்மெர்சிபிள் ஒன்று தண்ணீரைத் தள்ளும்போது சுமார் 8 அல்லது 9 ஆம்பியர் இழுக்கும். போர்வெல்லில் நீர்மட்டம் பம்புக்குக் கீழே இறங்கிவிட்டால் அது காற்றைச் சுற்றுகிறது. சுமை இல்லை, ஆம்பியர் சட்டென்று விழுகிறது. மோட்டார் கருகாமல் காக்கும் 'டிரை ரன்' பாதுகாப்பு இந்த வீழ்ச்சியைப் பார்த்துத்தான் மோட்டாரை நிறுத்துகிறது. அது நிறுத்திய நேரமும் அறிக்கையில் பதிவாகிறது. ஒரு நாள் நின்றால் அது ஒரு தகவல். தை மாதம் ஐந்து மணி நேரம் ஓடிய போர் பங்குனியில் மூன்றரை மணியிலும் சித்திரையில் இரண்டு மணியிலும் நின்றால், ஆயிரம் அடிக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதை ஒரு மின்கம்பி சொல்லிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நின்ற மோட்டார் மறுபடி எடுக்க எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பாறை இடுக்கில் தண்ணீர் எவ்வளவு வேகத்தில் ஊறி வருகிறது என்று தெரிந்துவிடும். மாத அறிக்கையில் ஒரே ஒரு நெடுவரிசையை மட்டும் பார்க்க நேரமிருந்தால் நான் இதைத்தான் பார்க்கச் சொல்வேன். பெரும்பாலோர் பார்ப்பது மொத்த மணி நேரத்தை.

இனி லிட்டருக்கு வருவோம். வால்வு 2க்குக் கீழே 175 தென்னை, மரத்துக்கு மணிக்கு 8 லிட்டர் விடும் டிரிப்பர் ஆறு என்று வைத்துக்கொள்வோம். மரத்துக்கு மணிக்கு 48 லிட்டர். மொத்தம் 8,400. ஒன்றரை மணி நேரத்தில் 12,600 லிட்டர், மரத்துக்கு 72. இது காகிதக் கணக்கு. நேரத்தை மட்டும் அறிந்த மென்பொருள் இதைப் பெருக்கிப் போட்டு, 'பாய்ச்சிய நீர் 12,600' என்று துணிந்து அச்சடிக்கவும் செய்யும்.

குழாயில் ஒரு வாட்டர் மீட்டரும், ஃபில்டருக்கு முன்னும் பின்னும் ஒரு பிரஷர் மானியும் வைத்தால் கதை மாறுகிறது. மீட்டர் 16,000 காட்டி பிரஷர் இறங்கியிருந்தால், எங்கோ மரத்தடிக்குப் போகும் லேட்டரல் குழாய் கிழிந்திருக்கிறது அல்லது கடைசி முடிச்சு கழன்றிருக்கிறது. மீட்டர் 8,900தான் காட்டுகிறது, ஃபில்டருக்கு முன்னால் பிரஷர் வழக்கம்போல, பின்னால் ஒரு கிலோ இருக்க வேண்டிய இடத்தில் அரைக் கிலோ என்றால் ஃபில்டரில் மண் அடைத்துக்கொண்டது. பிரஷர் பாதியானால் தண்ணீரும் பாதியாகும் என்றுதானே நினைப்போம்? சாதாரண டிரிப்பரில் ஓட்டம் பிரஷரின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பாதிப் பிரஷரில் சுமார் 71 சதவீதம் தண்ணீர் வரும். 12,600இல் 71 சதவீதம் கிட்டத்தட்ட 8,900. மீட்டரும் மானியும் தனித்தனியே சொன்னது ஒரே இடத்தில் வந்து பொருந்துகிறபோது, தோப்புக்குப் போகாமலேயே ஃபில்டரைக் கழுவச் சொல்லிவிடலாம்.

ஓட்டம் கூடிப் பிரஷர் குறைந்தால் உடைப்பு. ஓட்டம் குறைந்து பிரஷர் கூடினால் அந்த மானிக்கு அப்பால் அடைப்பு. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டாலே அறிக்கையின் பாதி புரிந்துவிடும். புரியாத இன்னொரு பாதியும் உண்டு. 175 மரத்தில் பத்து மரத்துக்கு உப்புப் படிந்து டிரிப்பர் அடைத்துக்கொண்டால், மொத்தக் கணக்கில் அது ஆறு சதவீதம்கூட இல்லை. மீட்டரின் வழக்கமான ஏற்ற இறக்கத்துக்குள் அது மறைந்துவிடும். அதற்கு அளவுக் குவளையும் கைக்கடிகாரமும் எடுத்துக்கொண்டு மரத்தடிக்குத்தான் போக வேண்டும்.

எல்லாம் சரி, வேர் குடித்ததா?

மண்ணுக்குள் புதைக்கும் ஈரமானி இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும். மின்புலத்துக்குத் தண்ணீர் காட்டும் எதிர்வினை அசாதாரணமானது. அதன் மின்காப்பு மாறிலி சுமார் 80, உலர்ந்த மண் துகளுக்கு 3 முதல் 5, காற்றுக்கு 1. ஆகவே மண்ணில் ஈரம் சற்றுக் கூடினாலும் கருவிக்குத் தெரிந்துவிடும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் உள்ள சென்டெக் போன்ற நிறுவனங்கள் 1990களில், ஒரே குழாய்க்குள் பல ஆழங்களில் இந்த உணரிகளை வைத்து இடைவிடாமல் பதிவு செய்யத் தொடங்கின. வரைபடத்தைப் பார்த்தவர்களுக்கு முன்பு கண்ணில் படாத ஒன்று தெரிந்தது.

தண்ணீர் பாய்ந்ததும் கோடு செங்குத்தாக ஏறுகிறது. பிறகு பகல், இரவு பாராமல் இறங்குகிறது. உபரி நீர் புவியீர்ப்பில் கீழே வடிகிற நேரம் அது. ஓரிரு நாளில் வடிதல் ஓய்ந்ததும் கோட்டின் நடையே மாறுகிறது. பகலில் ஒரு சரிவு, இரவில் ஒரு சமதளம், மறுநாள் பகலில் மீண்டும் சரிவு. படிக்கட்டு. இலையின் துளைகள் சூரியனோடு திறந்து சூரியனோடு மூடுவதால், வேர் பகலில் உறிஞ்சி இரவில் ஓய்கிறது. ஒவ்வொரு படியும் மரம் ஒரு நாள் குடித்த தண்ணீர். மண்ணைத் தோண்டாமல், மரத்தைத் தொடாமல், அது குடிக்கிற வேகத்தைப் பார்க்கிறோம்!

படிகளைப் படிக்கத் தெரிந்தவருக்கு அட்டவணையே வேண்டாம். வெயில் அப்படியே இருக்கப் படியின் உயரம் மட்டும் நாளுக்கு நாள் குட்டையானால், மண் இறுக்கிப் பிடித்திருக்கும் ஈரத்தை இழுக்க வேர் திணறுகிறது. தண்ணீர் விட வேண்டிய நாள் வந்துவிட்டது. மண் சொதசொதவென்று இருக்கும்போதே படிகள் காணாமல் போனால், காற்றில்லாமல் வேர் மூச்சுத் திணறுகிறது. மூன்றடி ஆழத்து உணரி ஒவ்வொரு பாசனத்துக்கும் துள்ளி ஏறுகிறது, ஆனால் அந்த ஆழத்தில் படியே இல்லை என்றால், தண்ணீரும் அதில் கரைத்துவிட்ட உரமும் வேரைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கின்றன. 90 நிமிடம் என்பது 60 நிமிடமாக இருந்திருக்க வேண்டும்.

மரம் உறிஞ்சியதில் மிகச் சிறு பங்குதான் உடலில் தங்குகிறது. மற்றதெல்லாம் ஆவி. ஒரு லிட்டர் நீர் ஆவியாக சுமார் 2.45 மெகாஜூல் ஆற்றல் தேவை. நல்ல வெயில் நாளில் ஒரு ஏக்கரிலிருந்து 5 மில்லிமீட்டர் நீர் ஆவியாகிறது என்றால் அது ஏறக்குறைய 20,000 லிட்டர். அதை ஆவியாக்கச் சூரியன் செலவிடும் ஆற்றலை நம் வீட்டு மீட்டரில் ஓட்டினால் 13,700 யூனிட்டுக்கு மேல் காட்டும். அதே தண்ணீரை 130 அடி ஆழத்திலிருந்து மேலே கொண்டுவர மோட்டாருக்கு ஆறு யூனிட்டே தாராளம்.

இவ்வளவு பெரிய ஆற்றல் செலவாகும் இடம் குளிர்ந்திருக்கும் அல்லவா? வானிலிருந்து பார்க்கும் செயற்கைக்கோள் இதைத்தான் பிடித்துக்கொள்கிறது. வெப்பநிலையைக் கொண்டு, நிலத்தில் விழுந்த சூரிய ஆற்றலில் எவ்வளவு காற்றைச் சூடாக்கவும் எவ்வளவு நீரை ஆவியாக்கவும் போனது என்று பிரிக்கிறார்கள். நெதர்லாந்தின் விம் பஸ்தியான்சன் 1998இல் வெளியிட்ட 'சேபல்' முறை இதற்கு வழிகாட்டியது. அமெரிக்காவின் லேண்ட்சாட் 8 செயற்கைக்கோளின் முதல் திட்டத்தில் வெப்ப உணரியே இல்லை. அமெரிக்க மேற்கு மாநிலங்களின் நீர் நிர்வாகிகள் விடாமல் வற்புறுத்திய பிறகுதான் சேர்த்தார்கள். 2013இல் அது பறந்தது. 2021இல் தொடங்கிய 'ஓப்பன் ஈடி' என்ற இணையச் சேவையில், அந்த மாநிலங்களில் எந்த வயலைத் தொட்டாலும் அது ஆவியாக்கிய நீரின் மாதக் கணக்கு வருகிறது.

நமக்கு இது அப்படியே பொருந்தாது. லேண்ட்சாட்டின் வெப்பப் படத்தில் ஒரு புள்ளி என்பது 100 மீட்டருக்கு 100 மீட்டர், அதாவது 10,000 சதுர மீட்டர். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒருவரின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், 7,500 சதுர மீட்டர். நம் சராசரி விவசாயியின் மொத்த நிலமும் ஒரு புள்ளிக்குள் அடங்கி, பக்கத்துக்காரரின் நிலத்தையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளும். கூர்மையான படங்களோடு கலந்து இதைச் சீர்செய்யும் உத்திகள் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மேகத்துக்கு உத்தி கிடையாது.

சரி, இத்தனை அறிக்கையும் கையில் இருந்தால் நிலத்தடி நீர் மிஞ்சுமா? இங்கேதான் ஒரு சங்கடம். சொட்டுநீரால் ஏக்கருக்குத் தண்ணீர் மிச்சம் என்று அறிக்கை காட்டுகிறது, பொய்யில்லை. மிச்சமானதைக் கொண்டு விவசாயி இன்னும் இரண்டு ஏக்கருக்குக் குழாய் இழுக்கிறார். அதில் தப்பும் இல்லை. ஆனால் முன்பு வாய்க்காலில் வீணானதாக நாம் எண்ணியதில் ஒரு பங்கு கீழே இறங்கி யாரோ ஒருவரின் கிணற்றில் ஊறிக்கொண்டிருந்தது. இப்போது அதுவும் ஆவியாகிறது. ஒவ்வொரு தோட்டத்தின் அறிக்கையும் சிக்கனம் காட்ட, ஊரின் நீர்மட்டம் மட்டும் இறங்குகிறது. குவென்டின் கிராஃப்டனும் கூட்டாளிகளும் 2018இல் 'சயின்ஸ்' இதழில் இதைப் பாசனத் திறனின் முரண் என்று விவரித்தார்கள்.

ஊர்க்கணக்கு நம்மிடம் இல்லை. 2022 மதிப்பீட்டின்படி இந்தியா ஆண்டுக்கு சுமார் 239 கன கிலோமீட்டர் நிலத்தடி நீரை எடுக்கிறது. 87 சதவீதம் பாசனத்துக்கு. எந்த மீட்டரும் இதை அளந்து சொல்லவில்லை. இத்தனை கிணறு, ஒரு கிணறு சராசரியாக இவ்வளவு இறைக்கும் என்று பெருக்கி வரும் எண்தான் பெருமளவும். வால்வு 2இன் காகிதக் கணக்கு நாட்டளவுக்குப் பெரிதான கதை இது.

அமெரிக்காவின் கன்சாஸில் பாசனக் கிணற்றுக்காரர்கள் ஆண்டுதோறும் மார்ச் 1க்குள் எவ்வளவு இறைத்தோம், எத்தனை ஏக்கர், என்ன பயிர் என்று அரசுக்கு எழுதித் தர வேண்டும். அங்கே வடமேற்கு மூலையில் ஷெரிடன் வட்டாரத்து விவசாயிகள், ஒகல்லாலா நிலத்தடி நீர்த்தேக்கம் வற்றிவருவதை இந்தக் கணக்குகளிலும் தங்கள் கிணற்றிலும் பார்த்துவிட்டு, தங்களுக்குத் தாங்களே ஒரு வரம்பு போட்டுக்கொண்டார்கள். 2013 முதல் ஐந்தாண்டுக்கு ஏக்கருக்கு மொத்தம் 55 அங்குலம். எந்த ஆண்டில் எவ்வளவு என்பது அவரவர் விருப்பம். மழை பொய்த்த ஆண்டில் கூடுதலாக எடுத்து, நல்ல ஆண்டில் அடக்கிக்கொள்ளலாம். மக்காச்சோளத்தில் ஒரு பகுதி சோளத்துக்கும் கோதுமைக்கும் மாறியது. மண் ஈரமானியைப் பார்த்து, தேவையில்லாத சுற்றை நிறுத்தினார்கள். இறைப்பு அவர்கள் குறிவைத்த 20 சதவீதத்தைத் தாண்டிக் குறைந்தது. விளைச்சல் கொஞ்சம் குறைந்தாலும், இறைக்கும் செலவு மிஞ்சியதால் நிகர வருமானம் அடிபடவில்லை என்று கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் கணக்குக் காட்டினார்கள். நீர்மட்டம் இறங்குவது நின்றுவிடவில்லை, வேகம் குறைந்திருக்கிறது. 2017 முடிவில் காலாவதியாக வேண்டிய ஏற்பாட்டை அடுத்த ஐந்தாண்டுக்கும் நீட்டிக்கச் சொல்லிக் கேட்டு வாங்கினார்கள்.