விழுந்த காயமா, அடிபட்ட காயமா?



"படியில் வழுக்கி விழுந்துவிட்டாள்", "அடுப்பு வெடித்துவிட்டது." அவசர சிகிச்சைப் பிரிவில் அடிக்கடி கேட்கும் வார்த்தைகள் இவை. பல வேளைகளில் உண்மையே. சில வேளைகளில் காயம் வேறொன்றைச் சொல்லும். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்குச் சுமார் 38 பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். கல்லாவியும் நம் சபைகளும் இதற்கு விலக்கு என்று எண்ணிவிட முடியாது.

தவறி விழுகிறவர் கையை ஊன்றுவார். ஆகவே உள்ளங்கை, முழங்கை, முழங்கால் சிராய்க்கும். அடிக்கப்பட்டவருக்கோ முகம், கழுத்து, மார்பு, வயிறு ஆகிய இடங்களில் காயம் மிகுதி. அடியைத் தடுக்க உயர்த்திய முன்கையில், சுண்டுவிரல் பக்கமாக, எலும்பு முறிந்திருக்கலாம். கன்னத்தில் விழுந்த அறையால் செவிப்பறை கிழியலாம். ஆறிய காயமும் புதுக்காயமும் ஒரே உடலில் இருப்பதும், நாள் கடந்து சிகிச்சைக்கு வருவதும் கவனிக்க வேண்டிய அடையாளங்கள்.

கழுத்து நெரிக்கப்பட்டவருக்கு வெளியே தடமே இல்லாமலிருக்கலாம். குரல் கம்முதல், விழுங்கச் சிரமம், கண்ணில் இரத்தப் புள்ளிகள் ஆகியவற்றை அசட்டை செய்யக்கூடாது. தொண்டை பிறகு வீங்கி, மூச்சை அடைத்துவிடக்கூடும்.

இவற்றில் எதுவும் தனியே சாட்சியாகாது. அதனால்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அதுவும் அவளைத் தனியாக வைத்து, குற்றஞ்சாட்டாத குரலில். நம் எல்லைப் பகுதியில் தெலுங்கும் கன்னடமும் மட்டுமே பேசும் பெண்கள் உண்டு. உடன் வந்த கணவரையோ மாமியாரையோ மொழிபெயர்க்கச் சொன்னால் உண்மை வெளிவராது. அவள் மொழி அறிந்த செவிலியர் ஒருவர் வேண்டும். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதி, காயங்களை உடல்வரைபடத்தில் குறித்து வைத்தால், பின்னாளில் நீதிமன்றத்தில் அது அவளுக்குத் துணைநிற்கும்.

மும்பை பாந்திராவிலுள்ள பாபா மருத்துவமனையில் 2000-2001இல் தொடங்கிய 'திலாசா' மையம், மருத்துவமனைக்குள்ளேயே இப்பெண்களுக்கு ஆலோசனை தர முடியும் என்று காட்டியது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் இவர்களுக்கு மருத்துவ உதவி அளிக்கும் கடமையை மருத்துவமனைகள்மேல் வைத்திருக்கிறது.

காயத்துக்குக் கட்டுப்போட்டு, அடித்த வீட்டுக்கே கேள்வியின்றி அனுப்புவது பாதி ஊழியமே. நல்ல சமாரியன் காயத்தைக் கட்டியதோடு நில்லாமல், பத்திரமான இடத்திலும் கொண்டுபோய்ச் சேர்த்தான் அல்லவா?

அன்பானவர்களே, உங்கள் சபையில் ஒரு சகோதரி மனம் திறந்தால், "பொறுத்துப் போ" என்று சொல்லி அனுப்பிவிடாதிருங்கள். அவளை நம்புங்கள். மகளிர் உதவி எண் 181ஐச் சொல்லுங்கள். அவள் விரும்பினால் மருத்துவமனைக்குத் துணையாக வாருங்கள்.