வெளுத்த பவளம் செத்த பவளமா?

தூத்துக்குடி முதல் பாம்பன் வரை, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியும் பவளப்பாறைகள் வளர்ந்தன. சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் அவற்றைப் பல்லாண்டுகள் வெட்டியெடுத்தோம். பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. 2001-இல்தான் பவளத்துக்கு வனவிலங்குச் சட்டத்தின் உச்சப் பாதுகாப்பு கிடைத்தது.

இப்போதைய ஆபத்து வெப்பம். கோடையில் நீர் மிகச் சூடேறினால், பவளத்துக்கு நிறமும் உணவும் தரும் நுண்பாசி அதைவிட்டு நீங்கும். பவளம் சுண்ணாம்புபோல் வெளுக்கும். 1998, 2010, 2016 ஆண்டுகளில் இங்கே அப்படி வெளுத்தது.

மூழ்கிப் பார்ப்பவர்களே, வெளுத்த பவளத்துக்கு இன்னும் உயிர் இருக்கலாம். நீர் சீக்கிரம் குளிர்ந்தால் நுண்பாசி திரும்பும், நிறமும் திரும்பும். இழைப்பாசி மூடிய கிளையோ இறந்துவிட்டது. தயவுசெய்து எதன்மீதும் கால் ஊன்றாதீர்கள். முதலில் வெளுப்பது கிளைவிட்ட மான்கொம்புப் பவளம். உருண்டு திரண்ட பவளங்கள் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கின்றன.